ரிப்போர்ட் போச்சு, மார்க் ஏறலை

2010ல் 'எகனாமிக் ஜர்னல்' இதழில் வந்த ஒரு ஆய்வுக் கட்டுரையை ரொம்ப நாளாகப் படிக்கணும்னு வைத்திருந்தேன். போன வாரம்தான் முடித்தேன். எழுதியவர்கள் கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன். அப்போது பிரியாமல் இருந்த ஆந்திராவில், கிராமத்து அரசுத் தொடக்கப்பள்ளிகள் 100ஐக் குலுக்கல் முறையில் எடுத்தார்கள். ஆண்டுத் தொடக்கத்தில் பிள்ளைகளுக்கு ஒரு தேர்வு. யார் எதில் தடுமாறுகிறார்கள் என்ற விவரமான அறிக்கை ஆசிரியர் கைக்குப் போனது. அதைப் பயன்படுத்துவது எப்படி என்று குறிப்பும் உண்டு. நடுநடுவே ஆட்கள் வகுப்புக்கு வந்து கவனித்துவிட்டும் போனார்கள். சம்பளத்தில் யாரும் கை வைக்கவில்லை.

கவனிக்க ஆள் உட்கார்ந்திருந்தபோது ஆசிரியர்கள் கூடுதலாகவே உழைத்தார்கள். ஆண்டு இறுதித் தேர்விலோ, அறிக்கை போகாத பள்ளிகளுக்கும் இவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. 'ஒண்ணும் நடக்கலை' என்ற முடிவை அப்படியே வெளியிட்டதற்கே பாராட்டணும்.

எனக்கு இடிப்பது அவர்கள் சொல்லும் விளக்கம். அதே ஆய்வில், பிள்ளைகள் முன்னேறினால் போனஸ் என்று அறிவித்த பள்ளிகளுக்கும் இதே அறிக்கை போனது. அங்கே அறிக்கை பயனுள்ளது என்று சொன்ன ஆசிரியர்களின் பிள்ளைகள் கூடுதலாக மார்க் எடுத்தார்கள். ஆகவே தகவல் மட்டும் போதாது, அதைப் பயன்படுத்தும் உந்துதலும் வேணும் என்கிறார்கள். பாதி சரி.

நாலாம் வகுப்பில் பத்துப் பேருக்கு எழுத்துக் கூட்டியே படிக்க வரவில்லை என்று அறிக்கை சொல்கிறது. மறுநாள் காலையில் அந்த டீச்சர் என்ன செய்வார்? கையில் இருப்பது நாலாம் வகுப்புப் பாடப்புத்தகம். முடிக்க வேண்டிய பாடங்கள் வரிசையில் நிற்கின்றன. பல பள்ளிகளில் ஒருத்தரே ரெண்டு வகுப்பைப் பார்க்கணும். அறிக்கை ஒரு பாடத்தையும் குறைக்கவில்லை, அரை மணி நேரம்கூடக் கொடுக்கவில்லை. எங்க தொழிலில் சர்வர் அலெர்ட் மெயில் கதை இதுதான். வந்தால் என்ன செய்யணும்னு எழுதி வைக்காத அலெர்ட்டை, ரெண்டாவது வாரமே ஃபில்டர் போட்டு ஒதுக்கிவிடுவோம்.

போனஸ் பள்ளியிலும் அதே புத்தகம்தானே, அங்கே மட்டும் எப்படி ஏறியது? நியாயமான கேள்வி. அந்த ஆசிரியர்களே சொன்ன பதில் இருக்கிறது: பள்ளி நேரத்துக்கு வெளியே கூடுதல் வகுப்பு, பின்தங்கியவர்கள் மேல் தனிக் கவனம். அதாவது இல்லாத நேரத்தை அவர்களே உண்டாக்கிக்கொண்டார்கள்.

அந்த நேரத்தைப் பள்ளியே கொடுத்தால்? பிரதம் அமைப்பு வதோதராவிலும் மும்பையிலும் செய்தது அதுதான். பின்தங்கிய பிள்ளைகளை தினமும் சுமார் ரெண்டு மணி நேரம் தனியாக உட்கார வைத்து, பக்கத்துப் பெண் ஒருவர் அடிப்படையிலிருந்து சொல்லிக்கொடுத்தார். பெயர் பால்சகி. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ உள்ளிட்டோர் 2007ல் வெளியிட்ட ஆய்வில் மார்க் தெளிவாக ஏறியது. அதிகப் பலன் அடிமட்டத்தில் இருந்த பிள்ளைகளுக்குத்தான்.

நம்ம ஊரில் 2022ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்ததை நான் வரவேற்பது இதனால்தான். அங்கே மதிப்பீடு, பிள்ளை எந்தக் குழுவில் உட்காரணும் என்பதைச் சொல்கிறது. அந்தத் திட்டத்தை யாராவது அளக்கப் போனால், செயலியில் எத்தனை பதிவு ஏறியது என்ற கணக்கு எனக்கு வேண்டாம். ஜூனில் அரும்பில் இருந்த பிள்ளை எந்த மாதம் மொட்டுக்குப் போனது, டிசம்பரிலும் அங்கேயே இருக்கிறதென்றால் இடையில் அதற்குப் பாடமுறையில் என்ன மாறியது, இதை எடுத்துக் காட்டட்டும்.