சாட்சியைக் கொன்ற நீதிபதி
தவெர்னியேயின் ‘கூ த தோர்ஷோன்’ திரைப்படத்தை முன்வைத்து

குற்றத்தைக் காண்பவன், தீர்ப்புச் சொல்பவன், தண்டனையை நிறைவேற்றுபவன் ஆகிய மூவரும் ஒருவனாகவே இருந்தால் அங்கே நீதிக்கு இடமுண்டா? பிரெஞ்சு இயக்குநர் பெர்த்ராந் தவெர்னியே (1941–2021) 1981இல் உருவாக்கிய ‘கூ த தோர்ஷோன்’ இந்தக் கேள்வியை உட்பொருளாகக் கொண்ட குற்றக்கதைப் படமாகும். துணியால் ஒருமுறை அழுத்தித் துடைத்தல் என்பது தலைப்பின் நேர்ப்பொருள். துடைப்பவன் யார், துடைக்கப்படுபவர் யார், துடைக்கும் உரிமையை அவனுக்கு வழங்கியவர் யார் என்னும் வினாக்களைப் படம் நெடுகிலும் எழுப்பிச் செல்கிறது.

படத்துக்கு மூலம் அமெரிக்க எழுத்தாளர் ஜிம் தாம்சன் 1964இல் வெளியிட்ட ‘பாப். 1280’ என்னும் நாவல். அமெரிக்கத் தென்பகுதியின் சிற்றூர் ஒன்றில், சோம்பேறி என்றும் மூடன் என்றும் எல்லோராலும் எண்ணப்படும் ஒரு ஷெரீப் தன் கதையைத் தானே சொல்வதாக அது அமைந்துள்ளது. தலைப்பிலுள்ள எண் ஊரின் மக்கள்தொகை. இந்நாவல் பிரெஞ்சில் ‘1275 ஆன்மாக்கள்’ என்ற தலைப்பில், புகழ்பெற்ற ‘செரி நுவார்’ குற்றநாவல் வரிசையின் ஆயிரமாவது நூலாக வந்தது. மொழிபெயர்ப்பில் ஐந்து உயிர்கள் காணாமற்போயின! வேடிக்கையாகப் பேசப்பட்டுவரும் இந்தப் பிசகு, மனிதர்களை எண்ணும்போது யாரை விட்டுவிடுகிறோம் என்ற நாவலின் மையக் கவலையைத் தற்செயலாகத் தொட்டுவிடுகிறது.

தவெர்னியேயும் உடன் திரைக்கதை எழுதிய ழான் ஒரான்ஷும் கதையை 1938ஆம் ஆண்டின் பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் பெயர்த்தனர். களமாக அமைந்த பூர்காஸா ஒரு கற்பனைச் சிற்றூர். இயக்குநருக்கு இத்தகைய இடமாற்றம் புதிதன்று. 1974இல் அவருடைய முதல் முழுநீளப் படத்துக்காக, அமெரிக்காவில் நிகழும் சிமெனோனின் நாவலொன்றை லியோன் நகருக்குக் கொண்டுவந்திருந்தார். எனினும் இங்கே மாறியது இடம் மட்டுமன்று. அமெரிக்கச் சிற்றூரின் இனவெறி ஒரு சமூகத்தின் நோயாகத் தெரிந்தது. ஆப்பிரிக்கக் களத்தில் அது அரசின் சட்டமாகவே தெரிகிறது.

பிலிப் நுவாரே நடித்த காவல் அதிகாரி லூசியேன் கோர்தியே எவரையும் கைது செய்வதில்லை. மனைவி அவனை மதிப்பதில்லை. தம்பி என்று சொல்லிக்கொண்டு ஒருவனை வீட்டிலேயே வைத்திருக்கிறாள். ஊரின் விலைமாதர் தரகர்கள் இருவர் அவனைப் பொது இடத்தில் அவமதிக்கின்றனர். ஆற்றில் மிதந்துவரும் ஆப்பிரிக்கப் பிணங்களைக் குறிவைத்துச் சுடுவது அவர்களுக்கு விளையாட்டு. கோர்தியே தன் மேலதிகாரியிடம் சென்று முறையிடுகிறான். அங்கும் உதைதான் கிடைக்கிறது. திரும்பி வந்து, அவ்விரு தரகர்களையும் சுட்டுக் கொல்கிறான். பழி மேலதிகாரியின்மீது விழும்படியும் பார்த்துக்கொள்கிறான்.

இதுவரை பார்வையாளர் அவன் பக்கம் நிற்கிறார். கொல்லப்பட்டவர்கள் கொடியவர்கள்; கொன்றவன் அவமதிக்கப்பட்டவன். அடுத்துச் சாகும் மெர்காயூ தன் மனைவி ரோஸை அடித்துத் துன்புறுத்துபவன். அந்த மரணத்துக்கும் எவரும் வருந்துவதில்லை. அநீதியைக் கண்டு கையாலாகாமல் நின்ற ஒவ்வொருவருள்ளும் உறங்கும் ஒரு விருப்பத்தைப் படம் மெல்லத் தட்டியெழுப்பி, அதற்குத் தீனியும் போடுகிறது. நுவாரேயின் தளர்ந்த உடலும் கனிவான குரலும் இதற்குப் பெருந்துணை.

பிறகு வருகிறது வெள்ளியின் காட்சி. ‘வெள்ளி’ என்பது மெர்காயூவின் ஆப்பிரிக்க ஊழியனின் பெயர், பிரெஞ்சில் ‘வாந்த்ரெதி’. தன் எசமானின் பிணத்தை அவன் நேர்மையாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறான். அதனால் நடந்ததை அறிந்தவனாகவும் ஆகிவிடுகிறான். அவனிடம் பேசிவிட்டே கோர்தியே அவனைக் கொல்கிறான். இவன் கொடியவன் அல்லன். எவரையும் அவமதித்தவனும் அல்லன். சாட்சியாக இருந்தான் என்பதே அவன் குற்றம். நாம் அதுவரை சுவைத்த பழிவாங்கலின் விலை என்ன என்பது இக்கணத்தில் விளங்கிவிடுகிறது. படத்தின் ஆகச் சிறந்த இடம் இதுவே.

இதை ஒரு தனிமனிதனின் மனப்பிறழ்வு என்று ஒதுக்க முடியாது. அல்ஜீரியாவில் 1881இல் சட்டமாகி, 1887இல் செனகலுக்கும் விரிவாக்கப்பட்ட ‘இந்திழெனா’ எனும் சுதேசிகள் சட்டத்தொகுப்பு, காலனிய நிர்வாகிக்கு நீதிமன்றமின்றியே தண்டிக்கும் அதிகாரத்தைத் தந்தது. செனகலில் 15 நாள் சிறையும் 100 பிராங்க் அபராதமும் அவன் வாய்ச்சொல்லால் விதிக்கப்படலாம். குற்றம் சாட்டுபவனும் தீர்ப்பவனும் அவனே. 1946இல்தான் இம்முறை ஒழிந்தது. கோர்தியே அந்தப் பதவியின் உள்ளுறைந்த தர்க்கத்தை அதன் கடைசிப் படி வரை நடத்திக் காட்டுகிறான், அவ்வளவுதான்.

இஸ்லாமிய நீதி மரபு இந்த அபாயத்தைத் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தது. சினமுற்ற நிலையில் இருவருக்கிடையே தீர்ப்பளிக்கலாகாது என்பது நபி (ஸல்) அவர்களின் கட்டளை. ஆட்சித்தலைவர் ஒருவர் குற்றத்தைத் தம் கண்ணாலேயே கண்டால் என்ன செய்வது என்று உமர் (ரலி) கேட்க, அவருடைய சாட்சியமும் முஸ்லிம்களில் ஒருவரின் சாட்சியம் மட்டுமே என அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) விடையளித்தார்கள்; உமர் (ரலி) அதைச் சரியென ஏற்றார்கள். காழி தம் சொந்த அறிவைக்கொண்டு தீர்ப்பளிக்கலாமா என்பதில் மத்ஹபுகளுக்கிடையே நுட்பமான கருத்து வேறுபாடுகள் உண்டு. ஆயினும் ஹுதூது எனும் வரையறுக்கப்பட்ட தண்டனைகளில் அது கூடாது என்பதே பெரும்பான்மை அறிஞர்களின் நிலைப்பாடு. கண்டவன் உண்மையையே கண்டிருக்கலாம். அப்போதும் அவன் சாட்சியின் இடத்தில் நிற்க வேண்டுமேயன்றி, வாளின் இடத்துக்குத் தாவக் கூடாது. கோர்தியே இந்தத் தாவலைச் செய்கிறான். தாவியபின், மெய்யான சாட்சி ஒருவன் உயிரோடிருப்பதை அவனால் பொறுக்க முடியவில்லை.

படத்தின் குறையும் இங்கிருந்தே தொடங்குகிறது. அது படமாக்கப்பட்ட இடம் செனகல் ஆற்றின் முகத்துவாரத்திலுள்ள செயிண்ட் லூயி நகரம். அந்நகர முஸ்லிம்கள் பல்லாண்டுகள் மனுச் செய்ததன் பயனாக 1857இல் அங்கே முஸ்லிம் நீதிமன்றம் நிறுவப்பட்டது. திருமணம், வாரிசுரிமை போன்ற வழக்குகளைக் காழி விசாரித்தார். அதே நகரில் 1895 செப்டம்பர் 5 அன்று, முரீதிய்யா தரீக்காவின் நிறுவனர் ஷெய்கு அஹ்மது பம்பா காலனிய ஆளுநரின் ஆலோசனைக் குழுமுன் நிறுத்தப்பட்டார். நீதிமன்ற விசாரணை ஏதுமின்றி அவரை காபோனுக்கு நாடுகடத்த முடிவாயிற்று. 1902இல்தான் அவரால் தாயகம் திரும்ப முடிந்தது. அன்று ஆளுநர் மாளிகையிலேயே அவர் இரண்டு ரக்அத் தொழுததாக முரீதுகள் நினைவுகூர்கின்றனர். ஆண்டுதோறும் செப்டம்பர் 5இல் அந்நகரில் திரளாகக் கூடித் தொழுகின்றனர்.

இந்த உலகம் படத்தின் கதையோட்டத்தில் இடம்பெறவில்லை. ஆப்பிரிக்கர்களில் நம் நினைவில் தங்கும் பெயர் ‘வெள்ளி’ ஒன்றே. அதுவும் டானியல் டீஃபோவின் ராபின்சன் குரூஸோ தன் ஊழியனுக்குக் கிழமை பார்த்து இட்ட பெயர். வெள்ளி என்றதும் நமக்கு ஜும்ஆவும் சபையும் நினைவுக்கு வரும். இங்கோ அது சபையற்ற, குடும்பமற்ற, குலப்பெயரற்ற ஒருவனைக் குறிக்கிறது. வெள்ளையரின் அழுகலைக் காட்டுவதே படத்தின் நோக்கம், அவர்கள் கண்ணுக்கு ஆப்பிரிக்கர் அப்படித்தான் தெரிந்தனர் என்று இயக்குநர் சார்பில் வாதிடலாம். அவ்வாதத்தில் நியாயமுண்டு. ஆனால் அநீதி இழைப்பவனின் பார்வையை நேர்மையாகப் படம்பிடிப்பதும், அநீதிக்குள்ளானவனின் உலகத்துக்குள் நுழைவதும் வெவ்வேறு பணிகள். 1944 டிசம்பர் 1இல் பிரெஞ்சுப் படை தன் சொந்த ஆப்பிரிக்க வீரர்களையே சுட்டுக் கொன்ற கொடுமையை, உஸ்மான் செம்பேனும் தியெர்னோ ஃபாதி ஸோவும் ‘காம்ப் த தியாரோய்’ (1988) படத்தில் சொன்னபோது, இரண்டாவது பணி நிறைவேறியது. அங்கே கொல்லப்படுவோருக்குப் பெயரும் மொழியும் ஊரும் இருந்தன.

இந்த இன்மையின் விளைவு தவெர்னியேயின் படத்தில் தெளிவாகத் தெரிகிறது. நீதி கேட்டுப் போக வேறு வாசல் எதுவும் காட்டப்படாத உலகில், கோர்தியே தன்னைக் கிறிஸ்துவாகவே எண்ணத் தொடங்குகிறான். மனிதர்களின் பாவத்தை வெளிக்கொணர்ந்து, அவர்களை அழிவின் வாசலுக்கு அனுப்புவதே தன் பணி என்கிறான். ஈஸா (அலை) அவர்களைக் கண்ணியப்படுத்தும் நமக்கு இது வெறும் தெய்வநிந்தனையாகத் தோன்றலாம். ஆனால் இயக்குநர் தோலுரிப்பது அந்தத் திருப்பெயரை அன்று, அதைத் தன் கொலைக்குப் போர்வையாக்கும் கரத்தைத்தான். இறைவனின் பெயரால் தம்மை நியமித்துக்கொண்டு, நிரபராதிகளின் உயிர் பறிப்போரை இந்த நூற்றாண்டில் நம் சமுதாயத்துக்குள்ளும் கண்டிருக்கிறோம். அவர்களும் தாம் பட்ட அவமானத்திலிருந்தே பேச்சைத் தொடங்குகின்றனர். அந்த அவமானம் பலவேளை மெய்யானதே. அது அவர்களுக்கு வழக்காடும் உரிமையைத் தருகிறது. தீர்ப்பளிக்கும் அதிகாரத்தைத் தருவதில்லை.

படத்தின் தொடக்கத்தில் சூரிய கிரகணம் நிகழ்கிறது. குளிரில் நடுங்கும் ஆப்பிரிக்கச் சிறுவர்களுக்குக் கோர்தியே தீ மூட்டித் தருகிறான். முடிவில் அதேபோன்ற சிறுவர்களை நோக்கி அவன் துப்பாக்கி நீள்கிறது. அவன் சுடவில்லை. ஆயினும் அந்தப் பிள்ளைகளுக்கும் சாவுக்கும் இடையே நிற்பது ஒரு மனிதனின் அப்போதைய மனநிலை மட்டுமே. சட்டம் இல்லை, சாட்சி இல்லை, மேல்முறையீடு இல்லை. தீ மூட்டியதும் அதே கைதான் என்பதால் அவர்களுக்கு எந்தப் பாதுகாப்பும் வந்துவிடவில்லை.