சேலம் நாட்டு அரசியற் சிந்தனை: மூன்று மரபுகள்

சேர்வராயன் மலைக்கும் காவிரிக்கும் இடைப்பட்ட சேலம், நாமக்கல் சமவெளியை நெசவுக்கும் மாங்கனிக்கும் மட்டுமே பெயர் பெற்றதாக எண்ணுவோர், அரசு எதற்காக என்னும் வினாவுக்கு மூன்று வேறு விடைகள் இம்மண்ணிலிருந்து எழுந்து நாடெங்கும் ஒலித்தன என்பதை மறந்துவிடுகிறார்கள்.

முதலாவது, சட்டவழி மரபு. 1882-ஆம் ஆண்டுச் சேலம் கலவர வழக்கிலே தண்டிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் விடுதலை பெற்று, 1920-இல் நாகபுரி காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை தாங்கிய சேலம் விஜயராகவாச்சாரியார், பிரஜையின் உரிமையை ஆட்சியாளரின் தயவுக்கு விட்டுவிடாமல் நியாயஸ்தலத்திலே நிலைநாட்டிக் காட்டினார்.

இரண்டாவது, நிர்மாண மரபு. சேலம் நகரசபைத் தலைவராயிருந்த இராஜாஜி, 1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் நிறுவி, கதரையும் தீண்டாமை ஒழிப்பையும் கிராமத்தின் அன்றாடத் தொண்டாக்கினார்; மாகாணப் பிரதமரானதும், 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கைச் சேலம் ஜில்லாவிலேயே முதன்முதல் அமலாக்கி, கள்ளுச் சாராய வருமானம் போனதற்கு ஈடாக 1939-இல் விற்பனை வரியை விதித்தார். ஜனங்களின் நலனும் கஜானாவும் முரண்படுமாயின் கஜானாவே விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது இம்மரபின் சித்தாந்தம்.

மூன்றாவது, சமத்துவ மரபு. 1944 ஆகஸ்டு 27 அன்று சேலத்தில் கூடிய நீதிக்கட்சி மாநாடு, அண்ணாதுரை கொணர்ந்த தீர்மானத்தின்படி, ஆங்கில அரசு தந்த பட்டங்களைத் துறந்து, பெரியார் தலைமையில் திராவிடர் கழகமாயிற்று. பிறப்பால் விதிக்கப்பட்ட இழிவு நீங்காத சமூகத்தில் சுயராஜ்யம் யாருக்கு என்று அது கேட்டது.

இம்மூன்றையும் தேர்தல் வெற்றியால் அளப்பது முறையன்று. இன்றைய இன்னலுக்கு எது துணையாகும் என்று அளப்பதே முறை. சேர்வராயனில் பிறந்து, சேலத்தின் சாக்கடையையும் சாயக் கழிவையும் சுமந்து, நாமக்கல் வயல்களைக் கடந்து காவிரியைச் சேரும் திருமணிமுத்தாறே அதற்குரிய உரைகல். 1974-இல் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் வந்தது. 1976-இல் சுற்றுச்சூழற் காப்பு அரசியல் சாசனத்தில் ஏறியது. வேலூர் வட்டாரத் தோல் பதனிடும் தொழிலைப் பற்றிய 1996-ஆம் ஆண்டு வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்யவேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டமே என உச்சநீதிமன்றம் உரைத்தது. இவ்வளவும் முதல் மரபின் பேறு. ஆயினும், லாபத்தில் ஒரு பகுதியை இழக்கத் துணியும் நிர்மாண மரபின் கட்டுப்பாடு இல்லையேல் சட்டம் ஏட்டோடு நிற்கும். ஆற்றின் கீழ்ப்பகுதி உழவனும் சாயப்பட்டறைத் தொழிலாளியும் சமமாகக் கருதப்படாவிடின் சுமை முழுதும் எளியோர் தலையிலேயே விழும்.

ஆதலின், இம்மூன்று மரபுகளின் வழிவந்தோரும் தத்தம் கொடியின் பெருமையைப் பேசுவதோடு அமையாது, இந்த ஆற்றைத் தூய்மை செய்யும் பணியில் ஒன்றுகூட வேண்டும்.