பதிவேடும் உடைமையும்

அரசு தனக்கு வேண்டும் பொருளையும் வேலையையும் பிறரிடம் பெறுங்கால், ஒரு பகுதியைச் சிறுபான்மையோர்க்கும் பெண்களுக்கும் உரிய தொழிலகங்களுக்கு ஒதுக்குதல் சில நாடுகளில் வழக்கமாயிற்று. அதற்குக் கருவி பதிவேடு. உரிமையாளர் இன்னார் எனச் சான்று பெற்ற தொழிலகங்களே அதில் இடம்பெறும். இலங்கையில் 1987ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கப் பொது ஒப்பந்தங்கள் சட்டமும் 50 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களுக்குப் பதிவை வற்புறுத்திற்று. ஆயின் உரிமையாளர் ஆணா பெண்ணா என்று காண்பது அதன் நோக்கமன்று.

ஐக்கிய அமெரிக்காவில், மகளிர் தொழிலகங்களுக்கு நூற்றுக்கு 5 என்னும் இலக்கு 1994இல் சட்டமாயிற்று. அஃது எட்டப்பட்டதோ 2015ஆம் நிதியாண்டிலேயே. நூற்றுக்கு 51 பங்கு பெண்ணின் பெயரில் இருத்தல் அங்கே போதாது. ஆளுகையும் அவள் கையில் இருத்தல் வேண்டும். (தெரிந்துதெளிதல் என வள்ளுவர் வகுத்த அதிகாரமும் 51ஆவது என்பது தற்செயலே.)

பெயர் வேறு, ஆளுகை வேறு என்பது யாழ்ப்பாணத்தார்க்குப் புதிதன்று. தேசவழமைக்குட்பட்ட பெண்ணின் சீதனக் காணி அவளுடையதே. எனினும், மண உரிமையும் வழியுரிமையும் பற்றிய 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணக் கட்டளைச் சட்டப்படி, கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி அதனை விற்கவோ ஈடு வைக்கவோ அவளால் இயலாது. மரணசாசனத்தால் கொடுப்பதற்கு அச்சம்மதம் வேண்டியதில்லை! ஒப்பந்தம் எடுப்போரிடம் அரசு பிணை கேட்கும். வங்கியோ அப்பிணைக்குப் பெரும்பாலும் காணியைக் கேட்கும். ஆகவே, பதிவேட்டில் பெண்ணின் தொழிலகமாயிருப்பது வங்கியின் வாயிலில் கணவனின் கையொப்பத்துக்குக் காத்து நிற்கும்.

கணவன் நியாயமின்றி மறுப்பினும், அவனிருக்கும் இடம் தெரியாதாயினும், மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம் என அச்சட்டமே வழி காட்டுகின்றது. கைம்பெண்ணுக்கு இத்தடை இல்லை. 2009இல் முடிந்த போரிலே கணவன் காணாமற்போன பெண்ணின் நிலையே பெரிதும் இரங்கத்தக்கது. கைம்பெண் என்று தன்னைக் கூறிக்கொள்ள அவள் மனம் ஒவ்வாது. சம்மதம் தருவதற்கு அவனும் இல்லை. நீதிமன்றத்தின் கட்டளை வருமளவும் கேள்விப்பத்திரத்தின் இறுதிநாள் காத்திருக்குமா?

இவ்வகையில் இந்தியாவின் முறை ஆராயத்தக்கது. மத்திய அரசின் கொள்வனவில் நூற்றுக்கு 3ஐ மகளிரின் குறு, சிறு தொழிலகங்களுக்கென 2018இல் ஒதுக்கியதனினும், குறு, சிறு தொழிலகங்கள் கேள்விப்பத்திரத்தோடு முன்பணம் கட்டவேண்டியதில்லை என 2012இலேயே விதித்தது பயன் மிக்கது. ஆயின், ஒப்பந்தம் கிடைத்தபின் வேலையை முடிப்பதற்காகக் கேட்கப்படும் பிணை அவ்விலக்கினுள் அடங்கவில்லை.