காப்பிக்கு எத்தனை மீட்டர்?

விலை கூடிய காப்பி பாக்கெட்டுகளில் இப்போது தோட்டத்தின் உயரத்தையும் அச்சிடுகிறார்கள்: 1,400 மீட்டர், 1,800 மீட்டர் என்று. எண் ஏற ஏற விலையும் ஏறுகிறது. இந்த வழக்கத்தில் உண்மை நிறையவே இருக்கிறது. ஆனால் அந்த எண்ணின் தலையில், அது தாங்கக்கூடியதைவிட அதிகப் பெருமையை ஏற்றிவிட்டோம்.

நூறு மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 0.6 டிகிரி குறையும். குளிர்ந்த சரிவில் அரபிகா பழம் அவசரப்படாது. கீழே ஏழு மாதத்தில் சிவக்கும் பழம் மேலே ஒன்பது மாதம்கூட எடுத்துக்கொள்ளும். இரவுக் குளிரில் செடி தன் சர்க்கரையைக் குறைவாகவே செலவழிப்பதால் கொட்டைக்கு அதிகம் மிஞ்சுகிறது. பச்சைக் கொட்டையைக் கையில் எடுத்தாலே வித்தியாசம் தெரியும். மேட்டில் விளைந்தது இறுகிக் கனத்திருக்கும், நடுக்கோடு நெளிந்து மூடியிருக்கும். தாழ்வில் விளைந்தது வெளிறியிருக்கும், கோடு நேராக வாய் திறந்திருக்கும். கோப்பையில் முன்னதற்குப் பழப்புளிப்பும் பூமணமும் உண்டு, பின்னது சப்பென்று இருக்கும். குவாதமாலாவில் சுமார் 1,350 மீட்டருக்கு மேல் விளையும் காப்பியைத் தனித் தரமாகப் பிரித்து விற்பது இந்தக் கெட்டித்தன்மையை நம்பித்தான். பனாமாவில் கெய்ஷா ரகம் பல ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. எஸ்மரால்டா தோட்டத்தின் உயரமான பகுதியில் விளைந்ததைத் தனியாகப் பிரித்துச் சுவைத்த பிறகு, 2004-இல் அது உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது.

ஆனால் இங்கே வேலை செய்வது மீட்டர் அல்ல, குளிர். ஹவாயின் கோனா காப்பி பெரும்பாலும் 900 மீட்டருக்குக் கீழேதான் விளைகிறது. பூமத்திய ரேகையிலிருந்து தள்ளியிருப்பதும் பிற்பகல் மேகமும் அதற்குப் போதுமான குளுமையைத் தருகின்றன. கொலம்பியாவில் அதே உயரத்தில் நல்ல அரபிகா எடுப்பது கடினம். ஆகவே ஏற்காட்டின் 1,400 மீட்டரையும் வேறொரு நாட்டின் 1,400 மீட்டரையும் எண்ணை மட்டும் வைத்து ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. நம் தோட்டங்களில் நிழல் மரங்களும் உண்டு. வெப்பம் மிகுந்த தாழ்வுப் பகுதியில் நல்ல நிழல் பழுப்பதைத் தாமதப்படுத்தி, உயரம் செய்யும் வேலையில் ஒரு பங்கைச் செய்துவிடுகிறது. அதை எந்தப் பாக்கெட்டும் சொல்வதில்லை.

உயரத்துக்குக் கெடுதலும் உண்டு. மகசூல் குறையும், செங்குத்துச் சரிவில் பறிப்புக் கூலி கூடும். பழநி மலையின் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் பழம் பறிக்கும் பருவத்தில்தான் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்கிறது. களத்தில் பரப்பிய ஈரக் கொட்டை மூடுபனியில் நாள்கணக்கில் காயாமல் தார்ப்பாய்க்கடியில் கிடந்தால் பூசண வாடை ஏறிவிடும். பிறகு எந்த உயரமும் அதைக் காப்பாற்றாது. பழுத்ததை மட்டும் பொறுக்கிப் பறித்த கைகளுக்கும், களத்தில் கிளறிவிட்டுக் காய வைத்தவர்களுக்கும் சேர வேண்டிய பெயரை மலை தட்டிக்கொண்டு போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நம் டிகாக்‌ஷன் கணக்கும் வேறு. கறுக்க வறுத்து, சிக்கரி கலந்து, பால் ஊற்றும்போது உயரம் தந்த புளிப்பும் பூமணமும் அநேகமாக அடங்கிப்போகும். நாம் தேடுவது திடம். அதைத் தாழ்வில் விளையும் ரொபஸ்டாவும் நன்றாகவே தரும். இளவறுவலாக, பாலில்லாமல் குடிப்பவருக்கே மலைக்காப்பிக்குக் கொடுத்த பணம் முழுதாக வசூலாகும்.

வெப்பம் கூடிக்கொண்டே போகும் காலத்தில் மீட்டரில் போட்ட கோடு நிலையானதும் அல்ல. முப்பது ஆண்டுக்கு முன் 1,200 மீட்டரில் இருந்த குளிர் இன்று அதே இடத்தில் இல்லை. சந்தை உயரத்துக்கு மட்டும் விலை வைத்தால் தோட்டங்கள் மேலே ஏறத்தான் பார்க்கும். பழநி மலையில் காப்பிக்கு மேலே மிஞ்சியிருப்பவற்றில் சோலைக்காடும் உண்டு. அதை அழித்து நட்ட காப்பி எவ்வளவு மணந்தாலும் எனக்கு வேண்டாம். இருக்கிற தோட்டத்தில் நிழலைக் கூட்டி, பழுத்ததை மட்டும் பறித்து, பக்குவமாய்க் காய வைப்பவருக்கு அந்தக் கூடுதல் விலை போகட்டும்.