புலவரும் பாணரும்

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே, எழுவான்கரையில் கிடக்கும் களுதாவளை போன்ற ஊர்களில் பாட்டுக்குப் பஞ்சமில்லை. கூத்தும் வசந்தனும் அம்மண்ணில் வேரோடியவை. ஆயினும், அவற்றை ஆக்கியோரை நம் இலக்கிய வரலாறுகள் ‘புலவர்’ என்று அழைப்பது அரிது. இதன் காரணத்தை அச்சொல்லின் வரலாற்றிலேயே காணலாம்.

‘புலம்’ என்பது அறிவு. ஆகவே புலவர் என்போர் அறிவுடையோர். தொல்காப்பியம் இலக்கண அறிஞரை இப்பெயராலேயே சுட்டுகிறது. பிற்காலத்தில் இது தேவரையும் குறித்தது. ‘பாணர்’ என்பதோ ‘பாண்’, அதாவது பாட்டு என்ற சொல்லின் வழி வந்தது. யாழேந்தி ஊர் ஊராய் அலைந்து, பாடிப் பிழைத்தவர் பாணர். புறநானூற்றின் 335ஆம் பாடலில் மாங்குடி கிழார் துடியன், பறையன், கடம்பன் ஆகியோருடன் பாணனையும் சேர்த்து, இந்நால்வரையே குடிகளாகப் போற்றுகிறார். ஆனால் திருநீலகண்ட யாழ்ப்பாணர், திருப்பாணாழ்வார் ஆகியோரின் வரலாறுகளில் பாணன் கோயிலுக்கு வெளியே நிற்கிறான். உள்ளே வர இறைவனின் கட்டளை தேவைப்படுகிறது! அறிவின் பெயர் உயர்ந்தது; பாட்டின் பெயர் தாழ்ந்தது. சாதிச் சமுதாயம் சொற்களையும் படிநிலைப்படுத்தியது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

பேராசிரியர் க. கைலாசபதி 1968இல் ஆக்ஸ்ஃபோர்டில் வெளியான தம் ஆங்கில நூலில், சான்றோர் செய்யுட்களை வாய்மொழி மரபின் ஆக்கங்களாகவே கண்டார். 1975இல் ஜார்ஜ் ஹார்ட் இதனை மறுத்து, எழுத்தறிந்த புலவர் எளிய பாணரின் பாட்டு முறையைப் பின்பற்றினர் என்றார். முடிவில் மாறுபடினும், எழுதாப் பாட்டே ஊற்று என்பதில் இருவரும் உடன்படுகின்றனர்.

இந்த ஊற்று கிழக்கிலங்கையில் வற்றிவிடவில்லை. ‘கவி’ என்பது பாடுவோனையும் பாட்டையும் குறிக்கும். மட்டக்களப்பு வழக்கிலோ நாட்டார் பாடலே கவி. 1940இல் தி. சதாசிவ ஐயர் பதிப்பித்த நூலின் பெயரும் ‘மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டு’ என்பதே. பாட்டுக்குக் கவி என்ற பெயர் நிலைத்தது. பாடியவனுக்கோ பெயரே எஞ்சவில்லை.

மக்கள் பாடல் என்பதற்காக எல்லாவற்றையும் போற்ற வேண்டுமென்பதில்லை. அவற்றிலும் சாதியின் கறையும் பெண்ணடிமையின் நிழலும் படிந்திருக்கக் கூடும். ஏட்டுக் கவிதையை அளக்கும் அதே கோலால் அவற்றையும் அளக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை. ஆசிரியர்களும் மாணவர்களும் பாடலைத் திரட்டும்போது, பாடியவரின் பெயரையும் தொழிலையும் உடன் எழுதி வைக்கட்டும். ‘புலவர்’ என்ற சொல் உழைப்பாளிக்கும் உரியதாவது அங்கிருந்தே தொடங்கும்.