360 பேரை ஒருவராக்குவது: சிடர் ரிப்போர்ட் பற்றி ஒரு விமர்சனம்

திருவிடந்தை நித்யகல்யாணப் பெருமாள் கோயில் தலபுராணம் பலருக்குத் தெரிந்திருக்கும். காலவ ரிஷிக்கு 360 பெண்கள். வராகப் பெருமாள் தினம் ஒருவராக மணந்து, கடைசி நாளில் அத்தனை பேரையும் ஒருவராக்கினார். அவர்தான் அகிலவல்லித் தாயார். இணைய ரூட்டிங்கில் 'அக்ரிகேஷன்' என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். அடுத்தடுத்த நான்கு /24 முகவரித் தொகுதிகளை, எல்லை சரியாக அமைந்தால், ஒரே /22 என்று அறிவிக்கலாம். உலகத்து ரவுட்டர்களுக்கு நான்கு வரிக்குப் பதில் ஒரு வரி போதும்.

1993-இல் சிடர் முறை வந்ததே இதற்காகத்தான். ஆனால் சேர்த்து அறிவிக்கச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. அதனால் டோனி பேட்ஸ் தொடங்கி, பின்னர் ஜெஃப் ஹஸ்டன் முதலானோர் தொடர்ந்த வாராந்தர அறிக்கைதான் சிடர் ரிப்போர்ட். அட்டவணையில் மொத்தம் எத்தனை வரி, சேர்த்தால் எவ்வளவு குறையும், அதிகம் சிதறவிடும் 30 நெட்வொர்க்குகள் எவை என்று சொல்லும். 2010-களில் அந்தப் பட்டியலில் அமெரிக்காவின் பெல்சவுத்தோடு நம்ம பி.எஸ்.என்.எல்., டாடா கம்யூனிகேஷன்ஸ் பெயர்களையும் பார்க்கலாம்.

பயம் நியாயமானதுதான். 2014 ஆகஸ்ட் 12 அன்று வெரைசனிலிருந்து சுமார் 15,000 சிறு அறிவிப்புகள் கொஞ்ச நேரம் கசிந்தன. அட்டவணை 5,12,000-ஐத் தாண்டியது. அவ்வளவுக்கு மட்டும் இடம் ஒதுக்கியிருந்த பழைய ரவுட்டர்கள் திணறின. ஒருவர் சிதறவிட்டதற்கு ஊரெல்லாம் விலை கொடுத்தது.

எனக்கு இடிக்கும் இடம் வேறு. அந்த அறிக்கை ஒரே ஒரு ரவுட்டரின் அட்டவணையிலிருந்து கணக்குப் போடுகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் சென்னைக்கும் மும்பைக்கும் பாதை ஒன்றாகவே தெரியும். கிட்டே வந்தால்தான் சென்னை டிராஃபிக்கைச் சென்னையிலேயே இறக்க ஒரு /24 தனியாகப் போகிறது என்று புரியும். பாதுகாப்புக் காரணமும் உண்டு. 2008 பிப்ரவரியில் பாகிஸ்தான் டெலிகாம் யூடியூபின் /22-க்குள் ஒரு /24-ஐ அறிவிக்க, சிறியதே ஜெயிக்கும் என்ற விதிப்படி உலக டிராஃபிக் அங்கே போனது. யூடியூபும் /24, /25 என்று உடைத்துத்தான் மீட்டது. இதைப் பார்த்தவர் எவர் பெரிய தொகுதியாக மட்டும் அறிவித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்?

அதற்காக எல்லாச் சிதறலும் சரி என்று சொல்லவில்லை. டிராஃபிக்கைப் பிரிக்கத்தான் /24 என்றால், 'நோ எக்ஸ்போர்ட்' குறியோடு பக்கத்து நெட்வொர்க்குக்கு மட்டும் கொடுத்துவிட்டு, உலகத்துக்கு /22-ஐ மட்டும் காட்டலாம். திருட்டைத் தடுக்க இப்போது ஆர்.பி.கே.ஐ. இருக்கிறது, முழுக் காப்பு இல்லை, ஆனால் யூடியூப் மாதிரி விபத்துகளைப் பெரும்பாலும் வடிகட்டிவிடும்.

சிடர் ரிப்போர்ட்டின் குறை இங்கேதான். வாராவாரம் பெயரைப் போட்டு வெட்கப்படுத்தியது; ஏன் உடைத்தாய் என்று கேட்கவில்லை. உடைப்பவருக்குச் செலவில்லை, சுமப்பவர் வேறு ஆள். அப்படியிருக்க வெட்கம் எத்தனை நாள் தாங்கும்? ஐ.பி.வி.4 அட்டவணை இன்று பத்து லட்சத்தை ஒட்டி நிற்கிறது. தாக்குப்பிடிப்பது ரவுட்டரில் நினைவகம் கூடியதால், அறிக்கையால் அல்ல என்பதே என் கணிப்பு.