தண்டவாளம் போன தடம்: தனுஷ்கோடியில் ஓஸ்மாண்ட் செயலி

ரயிலுக்காகப் போட்ட கரை செங்குத்தாக ஏறாது, சட்டென்று திரும்பாது. கரடுமுரடான நிலத்தில் சைக்கிள் மிதிப்பவர்களுக்குக் கைவிடப்பட்ட ரயில் பாதை பிடித்துப்போவது அதனால்தான். ஆனால், அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் பாதி உற்சாகம் வடிந்துவிடும். கூகுள் மேப்ஸ் வழிகாட்டுவதெல்லாம் இன்று இருக்கிற சாலைகளுக்குத்தான். அழிந்த பாதையைத் தேட என்ன வழி? ஓஸ்மாண்ட் செயலியை போனில் ஏற்றி, பாம்பன்–தனுஷ்கோடித் தடத்தில் சோதித்துப் பார்த்தேன்.

1914இல் பாம்பன் பாலம் திறந்தபின் போட் மெயில் ரயிலில் வந்தவர்கள் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலேறித் தலைமன்னார் போனார்கள். 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயல் ஊரை மட்டுமல்ல, தனுஷ்கோடியை நெருங்கிக்கொண்டிருந்த பயணிகள் ரயிலையும் விழுங்கியது. அந்தப் பாதையில் பிறகு ரயில் ஓடவில்லை. மலைப்பாதை என்றால் வெட்டிய பாறையாவது சாட்சி சொல்லும். இங்கே அறுபது ஆண்டு மணல். செயலியின் பலமும் பலவீனமும் தெரிய இதுவே சரியான இடம்.

முன்வேலை

ஓஸ்மாண்ட் பயன்படுத்துவது ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தை. தன்னார்வலர்கள் வரையும் இந்த வரைபடம் பழைய ரயில் பாதைகளைத் தரம் பிரிக்கிறது: தண்டவாளம் இருந்தும் ரயில் ஓடாதவை, தண்டவாளம் பிடுங்கப்பட்டுக் கரை மிஞ்சியவை, கரையும் அழிந்தவை. சைக்கிளுக்கு ஏற்றது இரண்டாவது வகை. ஓவர்பாஸ் டர்போ தளத்தில் வேண்டிய பகுதியைத் திறந்து, இந்த வகையை மட்டும் தேடச் சொன்னால் கோடுகள் வந்துவிடும். அவற்றை ஜிபிஎக்ஸ் என்னும் தடக் கோப்பாக இறக்கி ஓஸ்மாண்டில் சேர்க்க வேண்டும். கணினியில் செய்வது எளிது.

பிடித்தவை

முதலாவது, இணையம் வேண்டாம். வரைபடத்தை வீட்டிலேயே இறக்கிக்கொண்டால் சிக்னல் இல்லாத மணல்வெளியிலும் நாம் நிற்கும் இடம் தெரியும். இரண்டாவது, கோப்பில் இருக்கும் கோட்டை அப்படியே பின்தொடர முடிகிறது. தடத்தைச் சாலையோடு ஒட்டவைக்கும் வசதியை மட்டும் அணைத்துவிடுங்கள். அது இயங்கினால் உங்களைத் தேசிய நெடுஞ்சாலை 87க்கே இழுத்துப்போகும். மூன்றாவது, செயற்கைக்கோள் படத்தை அடியில் வைத்துக் கோட்டை மேலே பார்க்கலாம். சீமைக்கருவேலம் நேர்க்கோட்டில் வளர்ந்திருந்தால் கரை அங்கே இருக்கலாம் என்று ஊகிக்க அது உதவுகிறது.

பிடிக்காதவை

அமைப்புகள் ஒன்றுக்குள் ஒன்றாகப் புதைந்து கிடக்கின்றன. புதியவருக்குப் பொறுமை வேண்டும். ஆண்ட்ராய்டின் இலவசப் பதிப்பில் 7 வரைபடங்கள்தான் இறக்க முடியும். உயரக் கோடுகள் வேண்டுமென்றால் பணம் கட்ட வேண்டும். பாம்பன் தீவின் தட்டை நிலத்தில் அது தேவையில்லை. மூணாறு மலையில் 1924 வெள்ளம் அடித்துப்போன குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் போன்றவற்றைத் தேடுவோருக்கு அதுதான் உயிர்நாடி. மலைச்சரிவில் உயரக் கோடுகளை ஒட்டி வளைந்து போகும் ஒற்றைத் தடம் பழைய ரயில் பாதையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

தரையில்

திறந்த வானத்தின் கீழேயே போன் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர் பிசகும். வரைந்தவரின் கைப்பிசகு தனி. எனவே கோட்டுக்கு அருகே வந்ததும் திரையை விட்டுத் தரையைப் பார்க்க வேண்டும். கடற்கரை மணலில் கருங்கல் ஜல்லி தானாக முளைக்காது. அது கண்ணில் பட்டால் நீங்கள் தடத்தில்தான் இருக்கிறீர்கள். மணல் மேடுகள் மூடிய இடங்களில் எந்தச் செயலியாலும் பயனில்லை. இறங்கித் தள்ள வேண்டியதுதான். டயர் காற்றைக் குறைத்தால் ஓரளவு மிதிக்கலாம். சாதாரண மெல்லிய டயர் புதைந்துவிடும். பயணத்தைப் பதிவுசெய்யும் வசதியை இயக்கித் திரையை அணைத்துவைத்தால் பேட்டரி தாங்குகிறது.

ஓர் எச்சரிக்கை

வரைபடத்தில் கோடு இருப்பதாலேயே அதில் போகலாம் என்று அர்த்தமில்லை. ரயில்வே நிலம், வனநிலம், தனியார் தோப்பு எதுவாகவும் இருக்கலாம். தனுஷ்கோடியில் 2025இல் பூநாரைச் சரணாலயம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. பறவைகள் இறங்கும் சதுப்பில் வண்டியை இறக்காதீர்கள். வனத்துறையிடம் கேட்டுவிட்டுப் போங்கள். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 2017இல் திறந்த சாலை இருக்கிறது. தடம் அனுமதிக்காத இடத்தில் அதில் ஏறிக்கொள்ளலாம்.

தீர்ப்பு

ஊர்ச் சாலையில் வழி கேட்க ஓஸ்மாண்ட் தேவையில்லை. பழைய ரயில் தடம் தேடுபவருக்கு இலவசப் பதிப்பே போதும். மலைப் பக்கம் போகிறவர் மட்டும் உயரக் கோடுகளுக்குப் பணம் கட்டலாம். ஒரு வேண்டுகோள்: தரையில் நீங்கள் கண்ட கரையையும் சிறு பாலங்களையும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் திருத்திச் சேருங்கள். அடுத்து வருபவருக்குக் கோடு இன்னும் சரியாக இருக்கும்.